திரைச்சீலை மாதிரிகள்

வேளச்சேரி மாலில் அந்தச் செருப்புக்கடையைக்
காடாக்கியது நான்தான்.
கால் வைத்தால் சருகு நொறுங்கும், ஸ்பீக்கரில்.
தியாகராய நகர் குடைக்கடைக்குள்
மே மாதத்தில் மழை பெய்யவைத்தேன்.
நனைக்காத மழை. மண்வாசனை மட்டும் நிஜம்,
லிட்டர் எட்டாயிரம் ரூபாய்.
எல்லாம் ஒரே காரியத்துக்காக:
வந்தவர் கிளம்பக் கூடாது.
பதினோரு நிமிடம் நிற்பவர் பதினெட்டு நிமிடம் நின்றால்
என் பில் பாஸாகும்.

அயனாவரத்தில் பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
முதல் மாடியில் டயாலிசிஸ் மையம்.
"அதே மாதிரி இங்கேயும் ஏதாவது பண்ணுங்க,
ஆஸ்பத்திரிங்கிற ஞாபகமே வரக் கூடாது"
என்றார் டாக்டர் குலோத்துங்கன்.
ஆறு கட்டில், ஆறு இயந்திரம்.
ஆளுக்கு நாலு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள்.
யாரும் கிளம்ப முடியாது.
என் வேலையை அங்கே
இரண்டு ஊசிகள் ஏற்கெனவே முடித்திருந்தன.

ஆனால் அட்வான்ஸ் வாங்கியாயிற்று.
எதிர்ச்சுவர் முழுக்க அருவி விட்டேன்,
பாறை, பாசி, சாரல், சலசலப்பு.
திறப்பு நாளில் டாக்டர் கேசரி கொடுத்தார்
(எங்களுக்கு மட்டும்).

மூன்றாம் கட்டில் ஹமீதா பேகம்
ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஒரு நாளைக்கு எனக்கு எவ்வளவு தண்ணி தெரியுமாம்மா?
முக்கா லிட்டர். மாத்திரைக்கு, டீக்கு, எல்லாத்துக்கும் சேர்த்து.
நேத்து ஐஸ் துண்டை வாயில வெச்சிக்கிட்டுத் தூங்குனேன்.
இதை அணைச்சிடேன்."
ஐந்தாம் கட்டில் தேவசகாயம்,
ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து ரிட்டையரானவர்,
கண்ணைத் திறக்காமல் சொன்னார்:
"சத்தத்தையாவது நிறுத்துங்க.
ஒண்ணுக்கு வர்ற மாதிரியே இருக்கு.
வந்து ரெண்டு வருஷமாச்சு."
ஆறு கட்டிலும் சிரித்தது.

பிளக்கைப் பிடுங்கினேன்.
வெள்ளைச் சுவர். அதில் என் நிழல், கையில் வயரோடு.

வேறென்ன வேண்டும், மலையா, கடற்கரையா?
ஹமீதா என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அதில் திரைச்சீலைத் துணி மாதிரிகள், தைத்த புத்தகமாக,
மூன்று கிலோ இருக்கும்.
"அதைக் காட்டு."
இடக்கை அசையக் கூடாது, ரத்தம் போய் வருவது அதில்.
வலக்கை விரலால் ஓரத்தைத் தேய்த்தார்.
"இதுல பாலியஸ்டர் கலந்திருக்கு."
கலந்திருந்தது.
"சாயம் போகுமா?"
"போகாதும்மா."
"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க."

புரசைவாக்கத்தில் கடை கடையாக ஏறி
அறுபது புடவை பிரித்துப் போடச் சொல்லி
ஒன்றும் எடுக்காமல் இறங்கியவராம்.
"இப்ப நின்னு பாக்கத் தெம்பில்ல. காலு வீங்கிடுது."

கால்மாட்டில் உட்கார்ந்து பிரித்துப் போட்டேன்.
தூசி தூசி என்று ஓடி வந்த சிஸ்டர் எப்சிபா
மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு
"அந்தப் பச்சையில வேற ஷேடு இருக்கா?" என்றார்.
தேவசகாயம் கண் திறந்தார்.
"அந்த மெரூன் எங்க பழைய கோச் கலர்.
இல்ல, ஒரு கோட் கம்மி."

மீட்டர் நானூற்று அறுபது என்றேன். முந்நூறு என்றார் ஹமீதா.
விற்க என்னிடம் இருந்ததோ
உள்ளங்கை அகலத் துண்டுகள்.
நானூறு என்றேன். கூட வந்த மகளைக் காட்டி
"இவ கல்யாணத்துக்கே அந்த வெலை குடுக்கல" என்றார்.

நடுவில் இயந்திரம் கூவியது.
பிரஷர் இறங்கியிருந்தது. தலைமாட்டைத் தாழ்த்தினார்கள்,
சலைன் ஏற்றினார்கள், மகள் பாதத்தைத் தேய்த்தாள்.
புத்தகத்தை மூடப் போனேன்.
உதடு மட்டும் அசைந்தது:
"முந்நூத்தி இருபது. அதுக்கு மேல பைசா கிடையாது."

டாக்டருக்கு அனுப்பும் பில்லில்
அருவியை அடித்துவிட்டேன்.
அந்த வரிசையில் வேறு என்ன எழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை.

நாலு மணி நேரம் முடிந்து
கையில் பஞ்சை அழுத்தியபடி எழுந்தவர்
செருப்பைத் தேடிக் கால் நுழைத்தார்.
மெரூனில் ஒன்று, பச்சையில் ஒன்று, விரல் வைத்தார்.
"இந்த ரெண்டையும் யாருக்கும் குடுத்துடாத.
எடுத்து வை.
வியாழக்கிழமை வர்றேன்."